மலையும் சுமையும்

கம்பம் பள்ளத்தாக்கின் வயலும் அருவியும் தமிழ்த் திரையில் பன்முறை வந்துள்ளன. எனினும் பெரும்பாலும் பாடற்காட்சிக்குப் பின்புலமாகவே வந்தன என்பது என் மனக்குறை. அக்குறையைத் தீர்த்தது 2018 ஆகஸ்டில் வெளியான 'மேற்குத் தொடர்ச்சி மலை'. இயக்கியவர் லெனின் பாரதி. இசை, பண்ணைப்புரத்து இளையராஜா. ஒளிப்பதிவாளரோ ஊர்ப்பெயரையே தம் பெயரின் முன் ஏந்திய தேனி ஈஸ்வர்.

ஏலக்காய் மூட்டை சுமந்து மலைப்பாதையில் இறங்கும் கூலித் தொழிலாளி ரங்கசாமிக்குச் சொந்தமாகச் சிறிது நிலம் வேண்டும், கதை அவ்வளவே. ஈஸ்வரின் கேமரா அழகைத் தேடி அலையாமல் அவன் நடைக்கு ஈடுகொடுத்து நடக்கிறது. பனிமூட்டமும் வருகிறது; ஆனால் அது சுமையோடு இறங்குபவனின் கால் வழுக்கும் பனி! இறுதியில் நிலமிழந்த அவன் காற்றாலைக்குக் காவலாளியாகிறான். கேமரா மேலெழ மேலெழக் காற்றாலைகள் பெருகுகின்றன. மனிதன் புள்ளியாகச் சிறுத்துப்போகிறான்.

பின்னர் 'கர்ணன்' (2021), 'மாமன்னன்' (2023), 'வாழை' (2024) ஆகியவற்றுக்கும் அவரே ஒளிப்பதிவாளர். ஆயினும் நடிகர் பெயரை நொடியில் சொல்லும் நம் மாணவர், இவர் பெயரைக் கேட்டால் விழிக்கின்றனர். திரைப்படத் திறனாய்வு எழுதுவோரும் கதையோடு நின்றுவிடுகின்றனர். ஒளிப்பதிவாளர் எங்கே நின்று பார்த்தார் என வினவுவதில்லை. நம் துறை அப்படத்தைத் திரையிடட்டும். மாணவர்களே, அந்த இறுதிக் காட்சி முடியுமுன் எழுந்து போய்விடாதீர்கள்.