இழப்பீடு பிச்சையன்று



எரிகோவுக்குச் செல்லும் வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனுக்கு நல்ல சமாரியன் செய்த உதவியை நாம் அனைவரும் அறிவோம். அவன் காயங்களைக் கட்டினான், சத்திரத்தில் சேர்த்தான், கையிலிருந்த காசையும் கொடுத்தான். அதனோடு நில்லாமல், மேற்கொண்டு ஆகும் செலவையும் திரும்பி வரும்போது தருவதாக வாக்களித்தான். காயப்படுத்தியவன் அவன் அல்லன்; ஆயினும் முழுச் செலவையும் ஏற்றான். அங்ஙனமாயின், காயம் நேரக் காரணமாயிருந்தவனின் கடமை எத்துணைப் பெரிது!

இவ்வெண்ணத்தோடு கொல்லிமலையைச் சற்று நினைத்துப் பார்ப்போம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலேறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஆகாய கங்கை அருவியையும் அறப்பளீசுவரர் கோயிலையும் காண வெளியூர்க் கார்கள் ஏறி வருகின்றன. அம்மலையின் மக்களோ மிளகும் பலாவும் அன்னாசியும் சுமந்து, சாலையோரமாகச் சந்தைக்கு நடக்கிறார்கள்.

அவ்வாறு நடந்து செல்லும் ஒரு தாயைக் கற்பனை செய்து பாருங்கள். வளைவில் திரும்பிய கார் ஒன்று அவளை இடித்துத் தள்ளுகிறது. கால் எலும்பு முறிகிறது. கார்க்காரர் கல்நெஞ்சர் அல்லர். மருத்துவமனையில் சேர்த்து, அவள் கணவன் கையில் சில ஆயிரம் ரூபாயை வைத்து, "போலீஸ், கோர்ட்டு என்று எதற்கு அலைய வேண்டும், ஐயா?" என்கிறார். ஊர்ப் பெரியவர்களும் தலையசைக்கிறார்கள். ஒரு வெள்ளைத் தாளில் கைநாட்டு விழுகிறது. மூன்றாம் மாதம், சுமை தூக்க இயலாமல் அந்தத் தாய் திண்ணையில் அமர்ந்திருக்கும்போது, கொடுத்த பணம் தீர்ந்திருக்கும். கொடுத்தவர் எவ்வூரில் இருக்கிறாரோ!

இதனை இரக்கம் என்று கூறலாமா? நீதியின்படி கொடுக்க வேண்டியதைத் தருமம் போலக் கொடுத்தல் ஆகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல், பொதுநிலையினரின் பணி பற்றிய ஏட்டில் போதித்தது. அதற்கு முன்னரே, அடிபட்டவன் வேலை செய்ய இயலாத நாட்களுக்கும் அவனைக் குணப்படுத்தும் செலவுக்கும் அடித்தவனே ஈடு செய்ய வேண்டும் என்று யாத்திராகமத்தின் 21-ஆம் அதிகாரம் விதித்துள்ளது. இழப்பீடு பிச்சையன்று, உரிமை.

நம் நாட்டின் சட்டமும் அவ்வாறே கூறுகிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். சாலையில் நடப்பவரே அந்த மூன்றாம் நபர். ஆகவே, "பாவம், அவரும் கடன் வாங்கிக் கார் ஓட்டுகிறவர்" என்று தயங்க வேண்டியதில்லை. முறையான காப்பீடு இருப்பின், பணம் தருவது காப்பீட்டு நிறுவனமே.

2022 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள 164-ஆம் பிரிவின்படி, ஓட்டுநரின் தவற்றை மெய்ப்பிக்காமலேயே உயிரிழப்புக்கு 5 லட்சமும், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் பெறலாம். இடித்த வாகனம் எதுவென்றே தெரியாவிட்டாலும், உயிரிழப்புக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் பெற வழியுண்டு.

இழப்பு இதனினும் பெரிதாயின், 166-ஆம் பிரிவின்கீழ் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். 164-ஆம் பிரிவின் தொகையை ஏற்றுக்கொண்டால் இம்மனு செல்லாது போகும். எனவே எதிலும் கையொப்பமிடுமுன் வழக்கறிஞரைக் கேளுங்கள். விபத்து நடந்த ஆறு மாதங்களுக்குள் மனுவைக் கொடுத்துவிடுங்கள். கார்க்காரரின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. தாம் வாழும் பகுதிக்குரிய தீர்ப்பாயத்திலேயே கொடுக்கலாம்.

காயத்தை மட்டுமன்று, அதனால் இழந்த பிழைப்பையும் தீர்ப்பாயம் எடைபோட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் விளக்கியுள்ளது. நாற்காலியில் அமர்ந்து எழுதுபவருக்கும் மலையில் சுமை தூக்குபவருக்கும் கால் முறிவு ஒன்றாகுமா? சம்பளம் வாங்காத இல்லத்தரசியின் உழைப்புக்கும் மதிப்புண்டு என்பதை அந்நீதிமன்றம் 2010-இலும் 2021-இலும் வலியுறுத்தியது.

"வழக்குக்குப் பணம் ஏது?" என்பீர்கள். பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி வழங்க 1987-ஆம் ஆண்டின் சட்டம் வகை செய்கிறது. கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் நாமக்கல்லிலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். அரசுப் பேருந்து மோதிக் குடும்பத் தலைவனை இழந்த ஓர் ஏழை விதவையிடம் நீதிமன்றக் கட்டணம் கேட்டு வாதாடிய ஒரு மாநில அரசை, 1979-இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் கண்டித்ததும் இங்கு நினைக்கத் தக்கது.

ஆதலின், விபத்து நேர்ந்தால் செய்ய வேண்டியவற்றை மனத்தில் இருத்துங்கள். வண்டியின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காவல் நிலையத்தில் முறையிட்டு முதல் தகவல் அறிக்கையின் நகலைப் பெறுங்கள். மருத்துவமனைச் சீட்டு, மருந்துக் கடை ரசீது, காயச் சான்று ஆகியவற்றில் ஒன்றையும் எறிந்துவிடாதீர்கள். கைநாட்டு வைப்பதற்கு முன் எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கார் வைத்திருக்கும் குடும்பங்களுக்கும் ஒரு சொல். அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்ப்பதும், 24 மணி நேரத்துக்குள் காவல் துறைக்குத் தெரிவிப்பதும் ஓட்டுநரின் கடமை. காப்பீட்டைப் புதுப்பிக்காமல் வண்டியை எடுப்பது பிறர் உயிரோடு விளையாடுவதாகும். பணம் கொடுத்து வழக்கை அமுக்கிவிட்டுப் பாவசங்கீர்த்தனத் தொட்டியை நாடுவதால் மட்டும் கடன் தீர்ந்துவிடாது. இழைத்த தீங்குக்கு ஈடு செய்தலும் மனத்தாங்கலின் கனியன்றோ?

நம் பங்குகளிலுள்ள வின்சென்ட் தே பவுல் சபையினர் நோயாளிகளைச் சந்திக்கப் பழமும் ரொட்டியும் கொண்டு செல்கிறார்கள். அடுத்த முறை ஒரு பேனாவும் சில தாள்களும் உடன் கொண்டு செல்வார்களாக! எழுதத் தெரியாத ஒருவருக்காக ஒரு மனுவை எழுதிக் கொடுப்பதும் காயத்தில் எண்ணெய் வார்ப்பதேயாகும்.