மாத்திரையும் தொடர்கிறது, வலியும் தொடர்கிறது

வலிக்கு மாத்திரை எழுதுவது டாக்டருக்கு இரண்டு நிமிட வேலை. அதை நிறுத்தவைப்பதுதான் பெரும்பாடு. டென்மார்க் பட்டு அறிந்த பாடம் இது. புற்றுநோய் அல்லாத நாள்பட்ட வலிக்கும் அபினி வகை வலிநிவாரணிகளான ஓபியாய்டு மருந்துகளைத் தாராளமாகத் தந்த நாடு அது. 2006இல் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாள்பட்ட வலியுள்ளவர்களில் இம்மருந்துகளை எடுத்தவர்களே, எடுக்காதவர்களைவிடக் கடுமையான வலியையும் மோசமான உடல்நலத்தையும் சொன்னார்கள். வேலைக்குப் போகிறவர்களும் அவர்களில் குறைவு. வலி அதிகம் என்பதால்தான் மருந்துக்குப் போனார்கள் என்று வாதிடலாம். நியாயம்தான். ஆனால், எதற்காக மருந்து தரப்பட்டதோ அந்த நிவாரணம் எங்கே?

இருந்தும், 2017இல் டிராமடால் என்ற ஓபியாய்டு மருந்துக்கு அடிமையாகும் பிரச்சினை ஊடகங்களில் வெடித்த பிறகே அங்கே கெடுபிடி இறுகியது.

அபினியைச் சட்டப்படி பயிரிடும் இந்தியாவில் கதை நேர்மாறு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்கு அஞ்சி மருத்துவமனைகள் அபினியிலிருந்து கிடைக்கும் மார்ஃபினையே ஒதுக்கின. 2014இல் சட்டம் திருத்தப்பட்டும், புற்றுநோய் முற்றித் துடிப்பவர்களில் பலருக்கு மார்ஃபின் எட்டவில்லை. முதுகுவலிக்கு ஓபியாய்டு மருந்தை எழுதத் தயங்கவும், புற்றுநோயாளிக்குத் தயங்காமல் தரவும் டாக்டர்களுக்குப் பயிற்சி தேவை. தமிழக அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் இந்தப் பயிற்சியைத் தொடங்கட்டும்.