வாப்பாவின் மணிக்கூடு



மன்னார்த் தீவின் தோட்டவெளியிலிருந்து ஒரு சகோதரியின் கடிதம் வந்திருக்கிறது. ஐந்து பக்கம். படித்து முடித்தபோது, இது அவருக்கு மட்டும் எழுத வேண்டிய பதில் அல்ல, நம் வீடுகள் எல்லாவற்றுக்கும் உரியது என்று தோன்றியது.

விஷயம் ஒரு பழைய கைக்கடிகாரம். அங்குள்ள வழக்கில் மணிக்கூடு. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், அதாவது 1964 டிசம்பர் புயலுக்கு முன்பு, அவருடைய மூத்தாப்பா வாங்கியது. ஃபாவர் லூபா கம்பெனியின் சாவி கொடுக்கும் மணிக்கூடு. மூத்தாப்பா தம் வாழ்நாளிலேயே அதை மகன் கையில் கட்டிவிட்டாராம்.

1990 அக்டோபர் கடைசியில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். சுமார் 75 ஆயிரம் பேர். மன்னார்த் தீவு மக்களில் பெரும்பாலோர் கடல்வழியாகக் கற்பிட்டிக்கு வந்து சேர்ந்தார்கள். வீட்டையும் மாட்டையும் விட்டுவிட்டு வந்த அந்த வாப்பாவின் கையில், நீளச் சட்டைக் கைக்குள் இந்த மணிக்கூடு இருந்தது. புத்தளத்து ஓலைக் கொட்டிலில் அதைப் பார்த்துத்தான் ஸஹருக்கு எழுந்தோம் என்று சகோதரி எழுதுகிறார். போர் முடிந்த 2009க்குப் பிறகு ஊர் திரும்பினார்கள். சென்ற வருடம் வாப்பா வஃபாத்தானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

இனி அவருடைய கேள்விகள்.

"வாப்பா மவுத்தான இரண்டாம் நாள் மணிக்கூடு நின்றுவிட்டது. பக்கத்து வீட்டார் அது ஓர் அடையாளம் என்கிறார்கள்" என்பது முதலாவது.

சகோதரி, அந்த இரண்டு நாளும் அதற்குச் சாவி கொடுத்தது யார்? ஒருவருமில்லை. இத்தகைய மணிக்கூடு முழுச் சாவியில் ஏறத்தாழ ஒன்றரை நாள் ஓடும். தினமும் சுபுஹுக்குப் பின் சாவி கொடுத்த கை ஓய்ந்தது, அதனால் அதுவும் ஓய்ந்தது. நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் மறைந்த அன்று சூரிய கிரகணம் பிடித்தது. அந்த மரணத்துக்காகத்தான் என்று மக்கள் பேசினார்கள். எவருடைய மரணத்துக்காகவும் சூரியனோ சந்திரனோ கிரகணம் பிடிப்பதில்லை என்று பெருமானார் உடனே திருத்தினார்கள். சூரியனுக்கே இல்லாதது மணிக்கூட்டுக்கு ஏது?

இரண்டாவது, திருத்துவது பற்றி. இப்போது சாவி கொடுத்தாலும் சற்று ஓடி நின்றுவிடுகிறதாம். ஒரு கடைக்காரர், உள்ளிருப்பதை எடுத்துவிட்டு பேட்டரி மெஷின் போட்டுத் தருகிறேன் என்றாராம். வேண்டாம். அப்படிச் செய்தால் வாப்பாவின் மணிக்கூட்டில் மேல்கூடு மட்டுமே மிஞ்சும்.

அது ஓடும் விதத்தைக் கேளுங்கள். சுருண்ட மெயின் ஸ்பிரிங் மெல்ல விரிந்து பற்சக்கரங்களைத் தள்ளுகிறது. பாலன்ஸ் என்னும் சிறு சக்கரம் இங்கும் அங்கும் ஆடி அந்த வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. அக்கால மணிக்கூடுகள் பலவற்றில் இது மணிக்கு 18,000 தடவை, அதாவது ஒரு வினாடிக்கு ஐந்து தட்டு. டயலில் '17 ஜுவல்ஸ்' என்று இருப்பதைப் பார்த்து, விலையுயர்ந்த கல்லைக் கடைக்காரர் எடுத்துவிடுவாரோ என்று பயப்படுகிறீர்கள். அவை செயற்கை மாணிக்கம், விலை அற்பம். சக்கரத்தின் அச்சுமுனை தேயாமல் சுழல்வதற்காகப் பதித்தவை. அந்த முனைகளுக்கு இட்ட எண்ணெய் வருடக்கணக்கில் உலர்ந்து பிசினாகிவிடும். உலர்ந்த நிலையில் ஓட்டினால் உலோகம் தேயும். ஆகையால் ஓடுகிறதா என்று பார்க்கத் தினமும் சாவி கொடுப்பதையும் உலுக்குவதையும் நிறுத்துங்கள். உங்கள் ஊர்க் கடற்காற்றின் ஈரமும் உப்பும் வேறு. துருப்பிடிக்குமுன் கொடுப்பது நல்லது.

திருத்துபவரிடம் கேட்க வேண்டியவை இவை. மெஷினைப் பாகம் பாகமாகக் கழற்றி, கழுவி, புது எண்ணெய் இடுவீர்களா? முழு மெஷினையும் அப்படியே பெட்ரோலில் முக்கி எடுப்பவர் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். பழைய பாகம் எதையாவது மாற்றினால் அதைத் திருப்பிக் கேளுங்கள். டயல் மங்கியிருந்தாலும் துடைக்கவோ மறுபடி வர்ணம் பூசவோ விடாதீர்கள், எழுத்து அழிந்துவிடும். கூட்டுக்குத் தங்கமுலாம் பூசித் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். தங்கம் ஆண்களுக்கு ஆகாது. முலாமைப் பற்றி ஆலிம்களிடையே பேச்சு உண்டு. அதைத் தேடிப்போய் ஏன் வாங்க வேண்டும்? கீறல் விழுந்த பிளாஸ்டிக் கண்ணாடியை மட்டும் மெருகேற்றலாம்.

ஒரு எச்சரிக்கை. முள்ளிலும் எண்களிலும் இருட்டில் ஒளிர்ந்த பச்சைப் பூச்சு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 1960கள் வரை அப்பூச்சில் ரேடியம் கலப்பது வழக்கம். ஒளி மங்கிவிட்டாலும் ரேடியம் போகாது. பாதியாகக் குறையவே சுமார் 1,600 வருடமாகும். 1920களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் டயலுக்கு இதைப் பூசிய இளம்பெண்கள், தூரிகை முனையை உதட்டில் கூராக்கி வேலை செய்தார்கள். அப்படித்தான் கற்றுக்கொடுத்திருந்தார்கள். தாடை எலும்பு அரித்துப் பலர் மாண்டார்கள். மூடிய மணிக்கூட்டால் பெரிய ஆபத்தில்லை, உதிரும் தூள்தான் ஆபத்து. வீட்டில் திறக்காதீர்கள், பிள்ளைகளிடம் விளையாடக் கொடுக்காதீர்கள், தலையணைக்கடியில் வைக்காதீர்கள். திருத்துபவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது கேள்விதான் பெரியது. கத்தாரில் இருக்கும் நானா, மூத்த மகனுக்கே உரியது, அனுப்பி வை என்கிறார். தம்பி, விற்றுப் பங்கு வைப்போம் என்கிறார். நீங்களோ, வாப்பாவைக் கடைசிவரை பார்த்தவள் நான்தானே என்று வைத்திருக்கிறீர்கள்.

மூத்தாப்பா உயிரோடு இருந்தபோதே கொடுத்தது ஹிபா. ஆகவே அது வாப்பாவின் சொத்து, இப்போது வாரிசுகளின் சொத்து. பெற்றோர் விட்டுச்சென்றது குறைவோ அதிகமோ, அதில் ஆணுக்கும் பங்குண்டு, பெண்ணுக்கும் பங்குண்டு என்பது சூரத்துன்னிஸாவின் தீர்ப்பு. மூத்தவருக்கு என்று தனி உரிமை மார்க்கத்தில் இல்லை. கவனித்தவருக்குக் கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது, பங்கில் கூடுதல் இல்லை. இலங்கையில் 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் மரணசாசனமிலா வாரிசுரிமைச் சட்டமும் மார்க்கச் சட்டத்தையே பின்பற்றுகிறது. அடக்கச் செலவும் கடனும், வஸிய்யத் இருந்தால் அதுவும் போக, மிச்சத்தில் மனைவிக்கு எட்டில் ஒன்று. மற்றதில் மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று. பேச்சுக்கு அதன் விலை 40,000 ரூபாய் என்றால் உம்மாவுக்கு 5,000, மகன்மாருக்குத் தலைக்கு 14,000, உங்களுக்கு 7,000. மணிக்கூட்டை வெட்ட முடியாது. ஒருவர் எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். அல்லது மற்றவர்கள் மனம் விரும்பி விட்டுக்கொடுக்கலாம். வெட்கத்துக்கும் வற்புறுத்தலுக்கும் விட்டுக்கொடுப்பது விருப்பமாகாது. இதை முடித்துவிட்டே திருத்தக் கொடுங்கள். இல்லாவிட்டால் கூலி யார் கணக்கு என்று அடுத்த சண்டை வரும்.

இன்னும் ஒன்று சகோதரி. உங்கள் ஐந்து பக்கத்தை மூன்று தடவை படித்தேன். நானா சொன்னது இருக்கிறது, தம்பி சொன்னது இருக்கிறது, பக்கத்து வீட்டார், கடைக்காரர் சொன்னதுகூட இருக்கிறது. உம்மா என்ன சொன்னார் என்று ஒரு வரி இல்லை. இத்தா இருந்து எழுந்த அந்தத் தாயும் வாரிசுதான். அந்தப் படகில் வாப்பாவின் பக்கத்தில் இருந்தவரும் அவர்தானே! எட்டில் ஒன்று என்பது யாரும் கேட்டால் கொடுப்பதல்ல, அல்லாஹ் எழுதிக் கொடுத்தது.

இன்றிரவு இஷாவுக்குப் பின் மணிக்கூட்டை உம்மாவின் கையில் கொடுத்து, "உங்கள் விருப்பம் என்ன உம்மா?" என்று கேளுங்கள். பிறகு நானாவுக்கும் தம்பிக்கும் எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், திருத்தும் வேலை பாதி அங்கேயே முடிந்துவிடும்.

வஸ்ஸலாம்.