எலுமிச்சைக்கு நாக்பூர், பிகானீர்: தெற்கே யாருமில்லையா?

இந்திய அமைச்சரவை 2024 ஆகஸ்ட் 9ஆம் தேதி ஒப்புதல் தந்த நோயற்ற நடவுக்கன்றுத் திட்டத்தை நம் வாசகர்களுக்குப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. 1,765.67 கோடி ரூபாய், ஒன்பது மையங்கள், ஆசிய வளர்ச்சி வங்கியின் துணை என்பதெல்லாம் தெரிந்த செய்தி. அந்த ஒன்பதில் எலுமிச்சை, ஆரஞ்சு, சாத்துக்குடிக் குடும்பத்துக்கு ஒதுக்கிய இரண்டு இடங்கள்தாம் முள்ளாய்க் குத்துகின்றன. ஒன்று நாக்பூர், மற்றது ராஜஸ்தான் பாலைவனத்து பிகானீர். கோதாவரிக்குத் தெற்கே இந்தக் குடும்பத்துக்கென்று ஒரு மையம்கூட இல்லை.

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் இருந்துகொண்டு இதற்கு ஏன் கொதிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்கா பக்கம் வரட்டும். அங்கே கூடி நிற்பவர்களில் தமிழகத்துச் சங்கரன்கோவில், தென்காசி பக்கத்துப் பிள்ளைகள் உண்டு. அவர்கள் அனுப்பும் வெள்ளியில்தான் ஊரில் கிணறு ஆழமாகிறது, சொட்டுநீர்க் குழாய் ஓடுகிறது, எலுமிச்சை நாற்று மண்ணில் இறங்குகிறது. நட்டு மூன்று, நான்கு ஆண்டு காத்திருந்தால்தான் காய். காய்க்கத் தொடங்கிய மரம் நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வந்து ஒருநாள் பட்டுப்போனால், இங்கே இரவுப் பணி செய்த ஆண்டுகளும் அதோடு போயின. வீரமாகாளியம்மனுக்கு எலுமிச்சை மாலை சாத்தும் நமக்கு, தைப்பூசத்தில் உடலில் கொக்கி கோத்து எலுமிச்சை தொங்கவிட்டு நடக்கும் நமக்கு, இது அயலார் கவலையாக முடியாது.

மரத்தைக் கொல்வது டிரிஸ்டெசா என்னும் நச்சுயிரி. போர்ச்சுகீசிய மொழியில் அந்தச் சொல்லுக்குத் துயரம் என்று பொருள். பிரேசிலில் 1930களில் பரவத் தொடங்கி, சில ஆண்டுகளில் பல லட்சம் ஆரஞ்சு மரங்களைச் சாய்த்தபோது அங்கத்திய விவசாயிகள் வைத்த பெயர் அது. எலுமிச்சை இலையை வெயிலுக்கு நேரே பிடித்தால் நரம்புகள் துண்டு துண்டாய் வெளிறித் தெரியும். பட்டையை உரித்தால் உள்ளே கட்டையில் குழி குழியாய் இருக்கும். அசுவினிப் பூச்சி இளந்தளிரில் சாறு உறிஞ்சும்போது இதை மரத்துக்கு மரம் கொண்டுபோகிறது.

பட்டியல் போட்டவர்கள் கவனிக்காமல் விட்டது இங்கேதான் இருக்கிறது. இந்த நச்சுயிரிக்கு மிக எளிதில் பலியாவது நம்முடைய சிறு எலுமிச்சை. ஒரு செடியில் டிரிஸ்டெசா இருக்கிறதா என்று அறிய, உலகெங்கும் ஆய்வாளர்கள் எலுமிச்சைக் கன்றில் ஒட்டுப்போட்டுப் பார்த்து வந்திருக்கிறார்கள். அத்தனை சீக்கிரம் அது நோயைக் காட்டிக்கொடுத்துவிடும். நாக்பூரின் செல்லப்பிள்ளையோ ஆரஞ்சு. அங்கே ஒட்டுக்கன்று வைத்துத் தோட்டம் போடுகிறார்கள். தாய்மரம் சுத்தமாக இருந்தால் ஒட்டும் சுத்தம் என்ற கணக்கு அங்கே சரி. தென்காசி பக்கத்துப் புளியங்குடியில் எலுமிச்சை பெரும்பாலும் விதைநாற்று. விதை வழியாக டிரிஸ்டெசா வருவதில்லை. நாற்று சுத்தமாகத்தான் பிறக்கிறது. திறந்தவெளி நாற்றங்காலில் அசுவினி அமர்ந்தபிறகுதான் அது கெடுகிறது. ஆக, நமக்கு வேண்டிய காவல் நாற்றங்காலின் பக்கத்தில், வலைக்கூண்டுக்குள், வாரம்தோறும் வந்து இலையைத் திருப்பிப் பார்க்கும் ஆளோடு இருக்க வேண்டும். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வளரும் தாய்மரம் சங்கரன்கோவில் நாற்றங்காலுக்கு என்ன காவல் தரும்?

பெங்களூருக்கு ஒரு மையம் தந்திருக்கிறார்களே என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. தந்தது மாம்பழத்துக்கும் கொய்யாவுக்கும் வெண்ணெய்ப்பழத்துக்கும். வெண்ணெய்ப்பழத்தின்மேல் நமக்குக் கோபம் இல்லை. பழனி மலைச் சரிவில் அதை வளர்ப்பவர்களும் நம்மவர்கள்தாம். ஆனால் ஆந்திரத்து கூடூரிலும் தமிழகத்துப் புளியங்குடியிலும் ஊர்ப்பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் எலுமிச்சைக்குப் பெங்களூரின் பட்டியலில் ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. புவிசார் குறியீடு மட்டும் கொடுத்தார்கள். குறியீட்டை மரத்தில் கட்டினால் நோய் போகுமா?

பெங்களூர் என்றதும் இன்னொரு வேதனை. 1970களிலேயே பாலராமன், ராமகிருஷ்ணன் என்ற இரு ஆய்வாளர்கள் அங்கே எலுமிச்சையில் டிரிஸ்டெசாவின் வீரியம் குறைந்த வகையை முன்கூட்டி ஏற்றி, கொடிய வகையைத் தடுக்கும் வழியை ஆராய்ந்தார்கள். அம்மைப்பால் வைப்பதுபோன்ற முறை. பிரேசில் அதே முறையைக் கோடிக்கணக்கான ஆரஞ்சு மரங்களுக்குக் கொண்டுபோய்த் தன் தோட்டங்களை மீட்டது. நம் பக்கத்தில் அது தோட்டம்வரை வரவேயில்லை. அறிவு தெற்கில் இருந்தது, நோயும் தெற்கில் இருந்தது. இரண்டையும் சேர்த்துவைக்க வேண்டிய நாற்காலிகளில் இருந்தவர்கள் சேர்த்துவைக்கவில்லை.

இவர்களுடைய பழைய கணக்கையும் புரட்டத்தான் வேண்டும். பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் கமலா ஆரஞ்சு காய்த்த சரிவுகளில் இன்று காப்பியும் மிளகும் நிற்கின்றன. அதே மலையின் விருப்பாட்சி வாழையை முடிக்கொத்து நோய் தின்றது. அதுவும் நச்சுயிரி, அதையும் பரப்புவது அசுவினி. 1970களில் 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை 2,000 ஹெக்டேருக்குச் சுருங்கியது. பழனி பஞ்சாமிர்தத்துக்கு உரிய பழம் அது. மலை காலியான பிறகு, 2008இல், குறியீடு வந்து சேர்ந்தது. ஆரஞ்சு போனபோது மண்ணில் குறை என்றார்கள். வாழை போனபோது விவசாயிக்குப் பராமரிக்கத் தெரியவில்லை என்றார்கள். எலுமிச்சை போகும்போது எதைச் சொல்லக் காத்திருக்கிறார்கள்? ஒவ்வொரு தடவையும் மரம் செத்தபிறகு வந்து எண்ணிவிட்டுப் போவதைத் தவிர இவர்கள் தெற்குக்குச் செய்தது என்ன? அந்த எண்ணிக்கையைக்கூட அடுத்த பட்டியல் போடும்போது எடுத்துப் பார்ப்பதில்லை என்பதற்கு நாக்பூர், பிகானீர் என்ற இரண்டு பெயர்களே சாட்சி.

பட்டியலைத் திருத்தலாம், பெங்களூரின் பொறுப்பை விரிக்கலாம், வன்னிக்கோனேந்தலிலும் பெரியகுளத்திலும் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும் ஆய்வு நிலையங்களுக்குப் பணமும் ஆளும் தரலாம். எந்த வழி என்று அவர்களே தேர்ந்துகொள்ளட்டும். புளியங்குடித் தோட்டங்களில் அடுத்த தளிர் விடும்போது அசுவினி வந்து இறங்கிவிடும். அதற்குமுன் தெற்கின் எலுமிச்சைக்கு அந்தத் திட்டத்தில் ஓர் இடம் வேண்டும்.