ஆடும் ஆணியை அறிதல்

மலையேறுவாருடைய உயிர் ஓர் ஆணியில் தொங்குகின்றது என்பது உயர்வுநவிற்சி அன்று. உள்ளதை உள்ளவாறு கூறுதலேயாம். சிவனொளிபாதமலையின் செங்குத்தான பாறைகளில் இரும்புச் சங்கிலிகள் பிணித்திருந்தமையை, 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து அம்மலை ஏறிய இபுனு பதூதா எழுதிவைத்துள்ளார். அவற்றைப் பற்றி ஏறியோர் சங்கிலியை மாத்திரம் நம்பினாரல்லர். அதனைப் பாறையொடு பிணித்த இரும்பையும் நம்பினர்.

642ஆம் ஆண்டில் நரசிம்மவர்ம பல்லவன் வென்ற வாதாபி இன்று பாதாமி எனப்படுகின்றது. அங்குள்ள மணற்கற் பாறைகளில் இக்காலத்து இளைஞர் விளையாட்டாகக் கயிறு பூட்டி ஏறுகின்றனர். பாறையைத் துளைத்து மரையாணி செறித்து, அதன் தலையில் துளையுடைய தகடொன்றைச் சுரையால் இறுக்கி, அத்தகட்டிற் கொளுவியை மாட்டிக் கயிற்றைச் செலுத்துவர். கால் வழுவுமாயின் தாங்குவது அவ்வாணியே.

“ஆணி ஆடுகின்றது” என்னும் ஒரே தொடரால் இருவேறு குற்றங்களைக் குறித்தல் வழக்கமாயிற்று. அது பொருந்தாது என்பது என் கருத்து. தகடு மட்டும் சுழல்வது ஒன்று. ஆணியே குழியினுள் சுழல்வது மற்றொன்று. முன்னது பெரும்பாலும் சுரை தளர்ந்தமையால் நேர்வது. தொழிலறிந்தார் அளவறிந்து இறுக்கினால் தீரும். பின்னது பாறையின் பிடி விட்டதற்கு அடையாளம். பசையிட்டுப் பதித்த ஆணி திரும்புமாயின், பசை பற்றுவிட்டது என்க; அதனை நம்பி உடலைத் தொங்கவிடல் ஆகாது. சுரையை முறுக்குந்தோறும் ஆணியும் உடன் சுழலுமாயின், முறுக்குதலை நிறுத்தல் வேண்டும். மிகையாக இறுக்குவது மரையைக் கெடுக்கும், ஆணியையும் ஒடிக்கும்.

ஏனைய குறிகளும் உள. ஆணியைச் சூழ்ந்த பாறை வெடித்திருத்தல், துகள் உதிர்தல், துருக்கறை வழிந்திருத்தல், ஆணி வளைந்தோ வெளியே நீண்டோ நிற்றல், தட்டிய பாறை பொள்ளெனக் குழிந்த ஓசை தருதல் என்பன அவை.

கொட்டியாரக் குடாவின் தென்கரையில், கட்டைபறிச்சானில் வாழும் எமக்கு உப்புக்காற்று இரும்பைத் தின்பது புதிதன்று. ஆயினும் கடலோரத்தில் கண்ணும் ஏமாறும். தாய்லாந்தின் கடற்கரைச் சுண்ணாம்புப் பாறைகளில், துருப்பிடிக்காத உருக்கால் இயன்ற ஆணிகளும் புறத்தே பளபளப்பாயிருக்க உள்ளே வெடித்து ஒடிந்துள்ளன. அதனாலேயே அங்கு தைத்தேனிய ஆணிகளைப் பதிக்கலாயினர். ஆதலின், ஆடாத ஆணியெல்லாம் நல்லாணி எனக் கொள்ளற்க.

இவ்வறிவினும் பெரிது ஒன்றுண்டு. ஆணி சுழல்வதைக் கண்டவர், “நாட்டியவர் பார்த்துக்கொள்வார்” என்று வாளா இறங்கிவிடுவாராயின், அடுத்து வருவோன் அதனையே நம்பி ஏறுவான். அறியாதவன் விழுவது விபத்து. அறிந்தவன் வாய்மூடியிருந்தமையால் விழுவதை விபத்தென்று கூற என் மனம் ஒப்பவில்லை. கண்டவரே உடன்வந்தார்க்கும் பின்வருவார்க்கும் அவ்விடத்தைப் பொறுப்பாய்ப் பேணுவார்க்கும் எத்தனையாவது ஆணி, எவ்வாறு ஆடுகின்றது எனத் தெளிவாய்ச் சொல்லுதல் கடன். திருத்தத் தெரியாமை குற்றமன்று.

பாறையேற்றம் நம் மாணவர்க்கு எட்டாத விளையாட்டு என்று ஆசிரியர் சிலர் கூறலாம். சிகிரியாவின் இரும்புப் படிகளிற் சுற்றுலாச் செல்லும் பிள்ளைகள் ஏறுவதில்லையா? கைப்பிடி ஆடுமாயின் நின்று நோக்கவும், நோக்கியதை உரியவரிடம் உரைக்கவும் அவர்களைப் பழக்குதல் நம் பணியேயாகும்.