அடுத்தவர் சிநேகிதத்தைப் பார்த்துச் சிரிக்கிறோம்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கிறவர்கள் படியுங்கள். நேரம் இல்லை என்கிறவர்கள் கண்டிப்பாகப் படியுங்கள், உங்களைப் பற்றித்தான்.

சென்னை, கோயம்புத்தூர், துபாய் என்று எங்கிருந்து என் பிள்ளைகள் போன் பண்ணினாலும் ஒரு புலம்பல் மட்டும் மாறுவதே இல்லை. "ஸ்கூல் பிரண்ட்ஸோட சரி டீச்சர். அதுக்கப்புறம் ஒருத்தரும் அமையல." நாற்பதைத் தொட்டவர்கள், வீடு கட்டிக் கார் வாங்கியவர்கள். ஏன் என்று கேட்டால் வேலை, டிராபிக், பிள்ளைகள் படிப்பு, நேரமே இல்லை. அதே பிள்ளைகள் ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கு நாலு காமெடி வீடியோ அனுப்புகிறார்கள். கீழே கண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மை வேறு.

நேரமில்லை என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நண்பர் வந்து உட்கார வேண்டிய நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். உட்கார வைத்தது நீங்கள்தான்.

1989-இல் வந்த 'கரகாட்டக்காரன்' படத்து வாழைப்பழ காமெடியை எடுத்துக்கொள்ளுங்கள். டிவியில் எத்தனை தடவை போட்டிருப்பார்கள் என்று கணக்கே கிடையாது. அதை ஒருவர் தனியாகச் செய்துகாட்ட முடியுமா? ஒருவர் கவுண்டமணி என்றால் இன்னொருவர் செந்தில் ஆகத்தான் வேண்டும். என் வகுப்பில் ஒருவருக்கொருவர் பேச்சுவார்த்தையே இல்லாத இரண்டு பையன்கள் இந்த வாழைப்பழத்துக்காகத்தான் ஒன்று சேர்ந்தார்கள். இன்றைக்கும் ஒருவன் வீட்டு விசேஷம் என்றால் மற்றவன்தான் பந்தி பார்க்கிறான். பின்னால் விஜய் டிவியில் 'லொள்ளு சபா' வந்தபோதும் அப்படித்தான். அது சினிமாவைக் கிண்டல் செய்யும் நிகழ்ச்சி. அந்தப் படத்தைப் பார்க்காத பையனுக்குப் பார்த்தவன் முதலில் கதையைச் சொல்லி, அப்புறம் கிண்டலைச் சொல்லி, சந்தானம் மாதிரி நடித்தும் காட்ட வேண்டும். அதற்குள் இடைவேளை மணி முடிந்துவிடும். 2005-இல் 'கலக்கப்போவது யாரு' வந்த பிறகு வகுப்புக்கு நாலு மிமிக்ரி கலைஞர்கள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், என் குரலிலேயே ஒருவன் வருகைப் பதிவு எடுப்பான்.

பழையதெல்லாம் தங்கம் என்று சொல்ல வரவில்லை. அந்தக் காமெடியில் பாதி உதையும் நிறத்தைச் சொல்லிக் கேலியும்தான். அதைப் பார்த்துவிட்டு வந்து கறுப்பாக இருந்த பெண்பிள்ளைகளுக்குப் பட்டப்பெயர் வைத்தவர்களை நான் வரிசையாக நிற்க வைத்தது இதைப் படிக்கிற சிலருக்கு ஞாபகம் இருக்கும். ரசனை மாறியது நல்லதுதான். ஆனால் எதுவாக மாறியது என்று பாருங்கள்.

'குக் வித் கோமாளி' 2019 நவம்பரில் தொடங்கியது. கொரோனா நேரத்தில் வந்த இரண்டாவது சீசன் வீட்டுக்கு வீடு ஓடியது. சமைக்கத் தெரிந்தவரோடு ஒரு கோமாளியைச் சேர்த்துவிடுவார்கள். நானும் பார்த்தேன், நன்றாகவே சிரித்தேன். மறுநாள் என் மதினி "அப்படி என்னத்தச் சிரிச்ச?" என்று கேட்டபோது சொல்ல வாயில் ஒன்றும் வரவில்லை. புகழ் ஏதோ செய்தார், சிவாங்கி ஏதோ சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள், அவ்வளவுதான். எடுத்துச் சொல்ல அங்கே துணுக்கு என்று ஒன்றும் கிடையாது. அவர்களுக்குள் இருக்கிற பழக்கம்தான் அங்கே சரக்கு. யார் யாரை வாருகிறார், யார் யாருக்கு விட்டுக்கொடுக்கிறார், ஒருவர் வெளியேறினால் யார் அழுகிறார். முன்பு நகைச்சுவையைப் பார்த்தோம். இப்போது நாலு பேருடைய சிநேகிதத்தைப் பார்க்கிறோம். மறுநாள் யாரிடமும் கொண்டுபோய்ச் சொல்ல முடியாது. யாரிடமும் போக வேண்டியதும் இல்லை.

நடிப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவர்கள் பிழைப்பு அது, திறமையாகச் செய்கிறார்கள். ஆனால் சிநேகிதத்துக்கு ஏங்குகிற ஒரு மனிதருக்கு ராத்திரி ஒரு மணி நேரம் சிநேகிதம் பார்த்த திருப்தி கிடைத்துவிடுகிறது. பசிக்கிற வயிற்றுக்கு டீயைக் குடித்துப் பசியை அமர்த்துகிற கதைதான். நடுவர் சிரிப்பதை வேறு அடிக்கடி காட்டுகிறார்கள். சிரிக்கிற வேலையும் நமக்கு மிச்சம்.

இனி நேரக் கணக்குக்கு வருகிறேன். எங்கள் தெருவில் பயர் ஆபீஸ் வேலைக்குப் போகிற பெண்களைப் பாருங்கள். விடியுமுன் எழுந்து சோறு பொங்கி, தூக்குவாளியோடு பஸ் ஏறி, சாயங்காலம் திரும்பி வந்து மறுபடியும் அடுப்படி. உங்களில் யாருக்காவது இவர்களைவிட நேரம் குறைவா? இவர்களுக்கு ஐம்பது வயதிலும் புதுச் சிநேகிதம் அமைகிறது. போன மாதம் வேலைக்குச் சேர்ந்தவள் இந்த மாதம் இன்னொருத்தி மகள் சடங்குக்குச் சீர்த்தட்டு தூக்கிக்கொண்டு போகிறாள். காரணத்தை நான் சொல்கிறேன். பட்டாசு ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. ஒரு பொறி பட்டால் என்ன ஆகும் என்று நம் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே கை குழாய் சுற்றுகிறது, வாய் சும்மா இருக்கிறது, பக்கத்தில் ஆள் இருக்கிறது. முந்தின நாள் டிவியில் பார்த்ததை ஒருத்தி நடித்துக் காட்டுவாள், ஒருத்தி அதற்கு எதிர்ப்பேச்சு பேசுவாள், மத்தியானம் குழம்பு கைமாறும். அவர்களும் அதே டிவியைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் அவர்கள் சிரிப்பு டிவியோடு முடிவதில்லை. உயிரைப் பணயம் வைக்கிற அந்த வேலையைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. போனைக் கட்டாயமாக வெளியே வைக்கிற ஒரே இடத்தில் நட்பு தழைக்கிறதே, அதைக் கவனியுங்கள் என்கிறேன்.

"நாங்க இருக்கிறது அபார்ட்மெண்ட் டீச்சர், எதிர்வீட்டுக்காரர் பேர்கூடத் தெரியாது" என்று ஒரு மாணவன் சொன்னான். கதவைத் தட்டிக் கேட்டாயா என்றேன். "ஏதாச்சும் நினைச்சுக்குவாங்க" என்கிறான். ஊரார் முன்னால் மேடையேறி வாழைப்பழம் கேட்டு அடி வாங்கியவன் அவன். மூன்றாம் வகுப்பில் இருந்த தைரியம் நாற்பத்திரண்டு வயதில் எங்கே போனது?

வயதானவர்கள் தனிமையில் பார்த்துவிட்டுப் போகட்டுமே என்று என் தங்கை சண்டைக்கு வருவாள், தெரியும். படுத்த படுக்கையாக இருக்கிறவர்கள் பார்க்கட்டும், நான் ஒன்றும் சொல்லவில்லை. காலும் கையும் நன்றாக இருக்கிறவர்களைத்தான் கேட்கிறேன்.

இனிமேல் எனக்கு வீடியோ அனுப்பாதீர்கள். அதில் எது சிரிப்பு என்று போன் பண்ணிச் சொல்லுங்கள், சொல்ல முடிந்தால். இந்தப் பதிவுக்கும் சிரிக்கிற பொம்மை போட்டுவிட்டு நகர வேண்டாம். சண்டை போட வேண்டுமென்றாலும் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் கூப்பிடுங்கள், சும்மாதான் இருப்பேன்.