வெள்ளம் வந்தால் வீட்டு நாயின் கதி என்ன?

2005-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதியை மும்பைத் தமிழர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லி மீட்டர் மழை கொட்டியது. மித்தி ஆறு பெருக்கெடுத்தது. மின்சார ரெயில்கள் நின்றன. காலையில் வேலைக்குப் போன பலர் அன்று இரவு வீடு திரும்ப முடியவில்லை. ஆபீசிலேயே விடிய விடிய உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு. தண்டவாளத்தின் மேல் நடந்தே வந்தவர்களும் உண்டு.

பூட்டிய வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால், அங்கே சங்கிலியில் கட்டிய நாய் எங்கே போகும்? கூண்டில் அடைத்த கோழி எப்படித் தப்பும்? மழைக்காலம் தோறும் எழவேண்டிய கேள்வி இது.

கால்நடைகளுக்கு அரசாங்கம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. பேரிடர் நிவாரணத்துக்காக மத்திய அரசு 2022-ல் வெளியிட்ட விகிதப்படி, கறவை மாடோ எருமையோ இறந்தால் ரூ.37,500, ஆட்டுக்கு ரூ.4 ஆயிரம், கோழிக்கு ரூ.100 என்று நிர்ணயிக்கப்பட்டது. நாய், பூனைக்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை. பிழைப்புக்கு உதவும் பிராணிக்கே நஷ்டஈடு என்பது அதன் அடிப்படை. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நஷ்டஈடு வேறு. உயிரைக் காப்பாற்றுவது வேறு.

பிராணியின் உயிர் மட்டும் அல்ல, மனித உயிரும் இதில் அடங்கியிருக்கிறது. 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, திருச்சூரில் ஒரு பெண், தன் 25 நாய்களை விட்டுவிட்டு மீட்புப் படகில் ஏற மறுத்துவிட்டார். பிறகு நாய்களும் மீட்கப்பட்டன. வளர்த்தவர் மனம் அப்படிப்பட்டது. அதை மூடத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவில் 2005-ல் கத்ரீனா புயல் அடித்தபோதும், வளர்ப்புப் பிராணிகளை விட்டு வர மனமில்லாமல் வீட்டிலேயே தங்கியவர்கள் பலர். அதனால் அந்த நாடு 2006-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. பேரிடர்த் திட்டம் வகுக்கும் மாநிலங்களும் நகரங்களும் வீட்டுப் பிராணிகளையும் கணக்கில் சேர்க்கவேண்டும் என்பது அந்தச் சட்டம்.

மும்பை மாநகராட்சி வெள்ளக் காலத்தில் பள்ளிக்கூடங்களில் மக்களைத் தங்கவைக்கிறது. அங்கே ஒரு வராந்தாவையோ, ஒரு கொட்டகையையோ பிராணிகளுக்கு ஒதுக்கினால் பெரிய செலவு ஆகிவிடாது. தாராவியிலும் மற்றப் பகுதிகளிலும் உள்ள தமிழ்ச் சங்கங்கள் இந்தக் கோரிக்கையை வார்டு அலுவலகங்களில் மழைக்கு முன்பே வைக்கலாம்.

அரசாங்கம் செய்யும் வரை காத்திருக்கவும் முடியாது. சாலில் ஒற்றை அறையில் குடியிருப்பவரும் செய்யக்கூடியவை சில உண்டு. மழை நாட்களில் வேலைக்குப் போகும்போது பிராணியைக் கட்டிப்போடக்கூடாது. ஏறி நிற்க உயரமான இடம் ஒன்று இருக்கவேண்டும். பக்கத்து வீட்டாரிடம் ஒரு சாவி இருப்பது நல்லது. நாலு நாளைக்கு உணவு, குடிநீர், கழுத்துப் பட்டை, கயிறு, தடுப்பூசிச் சீட்டு ஆகியவற்றை ஒரு பையில் போட்டு மேலே மாட்டிவைக்கலாம். பட்டையில் போன் நம்பர் எழுதியிருந்தால், தொலைந்த நாய் திரும்ப வந்து சேர வழி உண்டு. மாநகராட்சியின் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை எண் 1916 என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

தடுப்பூசி விஷயத்தில் அசட்டை கூடாது. வெள்ளம் வடிந்த பிறகு வருவது எலிக்காய்ச்சல். எலி, நாய், மாடு ஆகியவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீரில், காலில் புண்ணோடு நடந்தால் அது மனிதனைத் தொற்றும். 2005 வெள்ளத்துக்குப் பிறகு மும்பையில் பலர் இந்தக் காய்ச்சலில் விழுந்தனர். நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசியுடன் எலிக்காய்ச்சல் தடுப்பூசியும் போடலாம். பீதியடைந்த நாய், வளர்த்தவரையே கடிப்பதும் உண்டு.

வெளிமாநிலத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 'ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, உடனே புறப்படு' என்று நள்ளிரவில் போன் வரும். தூங்கும் வசதிப் பெட்டியில் நாயை ஏற்றிச் செல்ல ரெயில்வே விதி அனுமதிப்பதில்லை. கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டில் முன்கூட்டியே பதிவு செய்து அனுப்பவேண்டும். இல்லையென்றால் முதல் வகுப்பில் தனி அறையையே எடுக்கவேண்டும். அவசரத்தில் இரண்டும் எளிதில் கைகூடாது. கடைசியில் நாய் தெருவுக்குப் போகிறது. பட்டினி கிடக்கும்படி பிராணியைக் கைவிடுவதை 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டம் குற்றம் என்கிறது.

இதற்குப் பரிகாரம் சட்டத்தில் இல்லை, அக்கம்பக்கத்தில்தான் இருக்கிறது. 'நீ ஊருக்குப் போனால் நான் பார்த்துக்கொள்கிறேன், நான் போனால் நீ பார்த்துக்கொள்' என்று இரண்டு குடும்பங்கள் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டால் போதும். குழந்தைகளையும் வீட்டுச் சாவியையும் அண்டை வீட்டில் நம்பி ஒப்படைத்துப் பழகியவர்கள் மும்பைத் தமிழர்கள். வாயில்லாப் பிராணிக்கும் அந்த ஏற்பாட்டைச் செய்வது பெரிய காரியம் அல்ல. மழை தொடங்கும் முன்பே அதைச் செய்யவேண்டும்.